சாப்பு குத்திய கடிதம்: தோட்டப் பட்டணத்தில் காவல், பஸ், வீடு மூன்றுக்கும் பதில் வாங்குவது எப்படி?

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் பழைய லயத்துக்குத் திரும்பும் முச்சந்தியில் ஒரு விளக்குக் கம்பம் நிற்கிறது. பதினான்கு மாதம் அது எரியவில்லை. அத்தனை மாதமும் அதைப் பற்றி நான் பேசாத ஆள் இல்லை. கோயில் திருவிழாவில் ஊராட்சி மன்ற உறுப்பினரைப் பார்த்துச் சொன்னேன். "பாக்குறேம்மா" என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டார். தோட்ட அலுவலகத்தில் கேட்டேன். சாலை எங்களுடையதுதான், கம்பம் எங்களுடையதில்லை என்றார்கள். மன்றத்தின் முகப்பில் கேட்டேன். கம்பம் யாருடையதாக இருந்தாலும் சாலை தோட்டத்துடையது, நாங்கள் உள்ளே வர முடியாது என்றார்கள். ஓர் இரவு டியூஷன் முடிந்த மகளோடு நடந்து வந்த பக்கத்து வீட்டு அக்காவின் சங்கிலியை மோட்டாரில் வந்த இருவர் அதே இருட்டில் அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்துக் காயம் ஆற மூன்று வாரம் ஆனது.

அதற்குப் பிறகுதான் வாயால் கேட்பதை விட்டுவிட்டு எழுத்தால் கேட்கத் தொடங்கினேன். ஒரு பக்கக் கடிதம், மூன்று நகல், ஒவ்வொன்றிலும் 'தெரிமா' சாப்பு, அதாவது பெற்றுக்கொண்டோம் என்ற அலுவலக முத்திரை. ஐந்தாவது வாரம் விளக்கு எரிந்தது. முன்பு கேட்டபோதும் அதே அலுவலகங்கள்தான், அதே ஆட்கள்தான். ஆனால் தேதி போட்ட சாப்பு விழுந்த நாளிலிருந்து, பதில் சொல்லாமல் இருப்பது யாரோ ஒருவருடைய பெயரில் பதிவாகத் தொடங்கியது. நான் இங்கே சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரு பாடத்தின் விரிவுதான்.

நான் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிறேன். மாநில விதிகள் வரும் இடத்தில் சிலாங்கூரை வைத்தே சொல்கிறேன். பேராக், கெடா, நெகிரி செம்பிலான், ஜொகூர் வாசகர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வேலை: இது யாருடைய வேலை என்று கண்டுபிடிப்பது

நம் ஊரில் புகார்கள் செத்துப்போகும் இடம் இதுதான். காவல், போக்குவரத்து, நிலம் மூன்றும் மூன்று வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. கேட்பவர் தவறான கதவைத் தட்டினால், உள்ளே இருப்பவர் நிம்மதியாகக் கையை விரிக்கலாம்.

போலீஸ் மத்திய அரசுக்கு, உள்துறை அமைச்சுக்கு உட்பட்டது. மன்றத் தலைவரோ மாநில முதல்வரான மந்திரி பெசாரோ ரோந்து வண்டியை அனுப்பச் சொல்லி உத்தரவிட முடியாது. பஸ் தடத்துக்கு உரிமம் தருவது தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான ஆப்பாட். 2019-க்கு முன்பு அதே வேலையைச் செய்தது ஸ்பாட். நிலம் மாநில அரசின் கையில். தெருவிளக்கு, கால்வாய், பஸ் நிறுத்தக் கூரை, புதர் மண்டிய காலி இடம், கட்டட அனுமதி ஆகியவை ஊராட்சி மன்றத்தின் வேலை. ஆகவே போலீசையும் பஸ்ஸையும் பற்றி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டும். நிலத்தையும் மன்றத்தையும் பற்றிச் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டும். இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும் கடிதம் இரண்டாக இருக்கட்டும்.

சாலைக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஓரத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். வெறும் எண் மட்டும் இருந்தால் அது மத்திய அரசின் சாலை. எண்ணுக்கு முன் எழுத்து இருந்தால் மாநிலச் சாலை: சிலாங்கூருக்கு பி, பேராக்கிற்கு ஏ, கெடாவுக்கு கே, நெகிரி செம்பிலானுக்கு என், ஜொகூருக்கு ஜே. இந்த இரண்டுக்கும் பொதுவாகப் பொதுப்பணித் துறை. கல்லே இல்லாத தாமான் (வீடமைப்புப் பகுதி) சாலை பெரும்பாலும் மன்றத்துடையது. செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்குள் போகும் செம்மண் பாதை தோட்ட நிறுவனத்தின் சொந்தச் சொத்து.

இந்தக் கடைசி வகையில்தான் நம் பிரச்சினை முழுவதும் குவிந்து கிடக்கிறது. சாலைப் பராமரிப்புக்காக மத்திய அரசு மாநிலங்களுக்கு மாரிஸ் பதிவேட்டை வைத்துப் பணம் தருகிறது. அந்தப் பதிவில் இல்லாத சாலைக்கு அந்தப் பணம் கிடையாது. அதனால் "தனியார் நிலம்" என்று முகப்பில் சொல்லும்போது அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் பேச்சு அங்கே முடியக் கூடாது. "இந்தச் சாலையை மன்றம் ஏற்று மாரிஸில் பதிவதற்கு என்ன தேவை, நிலச் சொந்தக்காரர் என்ன எழுதித் தர வேண்டும்?" என்று எழுத்தில் கேளுங்கள். முடியாது என்பவரைவிட, எப்படி முடியும் என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டியவர் கூடுதலாக யோசிப்பார்.

மேயரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அதனால் என்ன செய்வது?

ஜார்ஜ் டவுன் 1957-இல் மாநகரானபோது அதன் முதல் மேயராக இருந்தவர் டி.எஸ். ராமநாதன். நம்மவர். அப்போது ஊராட்சிக்குத் தேர்தல் இருந்தது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-இல் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம், தேர்தல் திரும்ப வர வேண்டும் என்று 1968-இல் அறிக்கை கொடுத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம், அதாவது சட்டம் 171, நியமன முறையை நிலைப்படுத்திவிட்டது. இன்றுவரை அதுதான்.

ஆகவே மன்றத் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பது மாநில அரசு. எட்டு முதல் இருபத்து நான்கு உறுப்பினர்கள் இருக்கலாம். ஒரு நியமனம் மூன்று ஆண்டுக்கு மேல் போகாது. மறுநியமனம் செய்யலாம். தங்கள் சமூகத்தின் நலனை எடுத்துச் சொல்லக்கூடியவர்களையும் உறுப்பினராக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் வட்டாரத்து உறுப்பினர் யார், அவருடைய நியமனம் எப்போது முடிகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநியமனம் நெருங்கும் மாதங்களில் அவர் செய்த வேலையையும் செய்யாத வேலையையும் பட்டியலிட்டு சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். வாக்குச் சீட்டு இல்லாத இடத்தில் நமக்குக் கிடைத்திருப்பது அந்தக் கடிதம்தான். நல்ல உறுப்பினர் என்றால் அதையும் எழுதுங்கள். அவர் திரும்ப வர அது உதவும்.

கடிதம்

மலாயில் எழுதுங்கள். நமக்குத் தமிழ் எவ்வளவு பிடித்தாலும், அதிகாரி தட்டிக்கழிக்க ஒரு காரணத்தையும் தரக் கூடாது. மலாய் நன்றாக எழுதும் இடைநிலைப் பள்ளிப் பிள்ளை ஒன்று எந்த லயத்திலும் இருக்கும். ஒரு கடிதத்துக்கு ஒரே விஷயம். விளக்கு, கால்வாய், நாய்த்தொல்லை மூன்றையும் ஒன்றாக எழுதினால் மூன்று துறைக்கும் போய், மூன்றிலும் தொலைந்துவிடும்.

'பெர்காரா' என்ற தலைப்பு வரியிலேயே இடம், பொருள், எத்தனை நாளாக என்ற மூன்றும் வந்துவிட வேண்டும். விளக்கு என்றால் கம்பத்தில் ஒட்டியிருக்கும் எண்ணைக் குறியுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் பழுது பார்ப்பவர் வேறு கம்பத்தடியில் நின்று "நல்லாத்தானே இருக்கு" என்று எழுதிவிட்டுப் போவார். படம் ஒன்று பகலில், ஒன்று இரவில் எடுங்கள். முன்பு யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்று இரண்டு வரி. கடைசியில் கேள்வி. "நடவடிக்கை எடுக்கவும்" என்று முடிக்காதீர்கள். "எந்தத் துறை, எந்தத் தேதிக்குள், இயலாது என்றால் எந்த விதியின்படி?" என்று கேளுங்கள். பதிலுக்கு பதினான்கு வேலை நாள் கொடுங்கள். கீழே எஸ்.கே. போட்டு யார் யாருக்கு நகல் போகிறது என்று எழுதுங்கள்: வட்டார உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், மாவட்ட அதிகாரி. நகல் போகிறது என்று தெரிந்தால் கடிதம் மேசையில் கிடக்கும் நாள் குறையும்.

நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் பிரதியில் தேதியோடு சாப்பு வாங்காமல் முகப்பை விட்டு நகராதீர்கள். செயலியிலோ இணையத்திலோ புகார் செய்தால் புகார் எண்ணைப் படம் பிடித்து வையுங்கள். வாட்சாப்பில் "ஓகே" என்று வந்த பதில் எதற்கும் உதவாது.

பிறகு ஒரு ஃபைல். கடைப் பைக்குள் திணித்த காகிதக் கட்டு ஃபைல் ஆகாது. முன் அட்டையில் ஒரு தாள் ஒட்டி தேதி, யாருக்கு, என்ன கேட்டோம், என்ன பதில், அடுத்து எப்போது போக வேண்டும் என்று கோடு போட்டு எழுதுங்கள். எங்கள் ஃபைலை ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை பார்த்துவிட்டு, இதை முன்பே யாராவது செய்திருந்தால் பழைய ஆயக்கொட்டகை (குழந்தைகள் காப்பகம்) நிலம் போயிருக்காது என்றார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பதினான்கு வேலை நாளில் பதில் வரவில்லையென்றால் இரண்டாவது கடிதம், முதல் கடிதத்தின் நகலோடு, தலைவரின் பெயருக்கே. மூன்றாவது, பொதுப் புகார் பிரிவுக்கு. 1971-இல் தொடங்கிய பொதுப் புகார் பிரிவின் வேலையே அரசு அலுவலகங்களின் தாமதத்தையும் அலட்சியத்தையும் பற்றிய புகார்களைக் கவனிப்பதுதான். அங்கே போகும்போது உங்கள் கையில் சாப்பு விழுந்த இரண்டு கடிதம் இருக்கும். வெறும் கோபத்தோடு போகிறவருக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

மன்றத்தின் கூடத்துக்குள் போவது

பலருக்குத் தெரியாத ஒன்று: சட்டம் 171-இன் 23-ஆவது பிரிவின்படி மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தது. மூட வேண்டுமானால் அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போட வேண்டும். செயற்குழுக் கூட்டங்களுக்கு மட்டும் இந்த உரிமை தானாக வராது. முழுக்கூட்டம் பொதுவாக மாதம் ஒருமுறை நடக்கும். செயலாளர் அலுவலகத்துக்கு அழைத்துத் தேதி கேட்டு, பார்வையாளராக வருகிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

பார்வையாளருக்குப் பேச உரிமை இல்லை. பேசவும் வேண்டாம். நான்கைந்து பேர் நல்ல உடுப்பில், நோட்டுப் புத்தகத்தோடு முதல் வரிசையில் உட்காருங்கள். நாங்கள் முதல்முறை போனபோது காவலாளிக்கே எங்கே உட்கார வைப்பது என்று தெரியவில்லை. எங்கள் உறுப்பினர் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பட்டியலில் இல்லாத எங்கள் கால்வாயைப் பற்றி எழுந்து கேட்டார். கூட்டக் குறிப்புகளை வரி செலுத்துபவர்கள் பார்வையிடவும், கட்டணம் கட்டி நகல் பெறவும் சட்டம் இடம் தருகிறது. சுக்காய் (மன்றத்துக்குக் கட்டும் வீட்டு வரி) ரசீதை எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் வாடகைக்கோ லயத்து வீட்டிலோ இருந்தால், வீட்டுக்குச் சுக்காய் கட்டும் தாமான்காரர் ஒருவரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.

சிலாங்கூரில் இன்னொரு நல்ல கருவி இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி, மாநிலத் துறைகளிடமும் மன்றங்களிடமும் விண்ணப்பப் பாரம் நிரப்பித் தகவல் கேட்கலாம். ஒவ்வொரு துறையிலும் தகவல் அதிகாரி உண்டு. பதிலுக்கு 30 நாள். பினாங்கிலும் இதேபோன்ற சட்டம் உண்டு. போலீஸ், ஆப்பாட் போன்ற மத்திய அமைப்புகளிடம் இதை வைத்துக் கேட்க முடியாது. "எங்கள் பகுதிக்கு எவ்வளவு செலவழித்தீர்கள்?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். "இன்ன ஆண்டில் இன்ன தாமானின் கால்வாய்ப் பணிக்கான வேலை ஆணையும், பணி முடிந்த சான்றிதழும் வேண்டும்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எந்தத் தாள் வேண்டும் என்று தெரிந்து கேட்பவருக்கு இல்லை என்று சொல்வது சிரமம்.

அதற்கும் மேலே சட்டமன்றம். உங்கள் கேள்வியை எழுதி, சட்டமன்றக் கூட்டத்துக்குப் பல வாரம் முன்பே உறுப்பினரின் சேவை மையத்தில் கொடுங்கள். அவர் எழுத்துக் கேள்வியாகக் கேட்டால் மாநில அரசின் பதில் அவைக் குறிப்பில் நிற்கும். உங்கள் தொகுதி உறுப்பினர் தயங்கினால் வேறு தொகுதிக்காரர், எதிர்க்கட்சிக்காரர்கூடக் கேட்கலாம். சிலாங்கூர் சட்டமன்றத்தில் 2008 முதல் செல்காட் என்ற தெரிவுக்குழு இருக்கிறது. மாநில நிறுவனங்களையும் அதிகாரிகளையும் அழைத்து விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. சிறிய விஷயத்துக்கு அங்கே போகாதீர்கள். நிலம், ஒப்பந்தம், பெரிய பணம் என்றால் போங்கள்.

போலீஸ்: புகாருக்குப் பிறகு என்ன?

போலீஸ் புகாரை எந்த பாலாயிலும், அதாவது போலீஸ் நிலையத்திலும், கொடுக்கலாம். சம்பவம் நடந்த வட்டாரத்துக்கே போக வேண்டும் என்பதில்லை. "அங்கே போ" என்று அனுப்பினால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆவது பிரிவின்படி பதிவு செய்யக் கேட்கிறேன் என்று பணிவாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதை அவர்கள் எழுதிய பிறகு வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நகல் வாங்குங்கள்.

நம் ஆட்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அடுத்த படி 107ஏ. கைது ஆணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்து, புகார் கொடுத்து நான்கு வாரம் ஆகியிருந்தால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று பாலாய் தலைவரிடம் எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அவர் இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். விசாரணையைக் கெடுக்கும் விவரத்தை மட்டும் தராமல் இருக்கலாம். பதில் வராவிட்டால் அரசுத் தரப்பு வழக்குரைஞர் அலுவலகத்துக்கு முறையிடலாம். சங்கிலி பறிகொடுத்த அக்காவுக்காக இந்தக் கடிதத்தை எழுதியபோது பத்தாம் நாள் விசாரணை அதிகாரியே அழைத்தார். சங்கிலி கிடைக்கவில்லை. ஆனால் அதே முச்சந்தியில் ஆறு மாதத்தில் நான்கு புகார் பதிவாகியிருந்ததை அந்த உரையாடலில்தான் தெரிந்துகொண்டோம். விளக்குக் கடிதத்தில் அந்த எண்ணிக்கையைச் சேர்த்தோம்.

அதனால்தான் சின்னத் திருட்டையும் பதிவு செய்யுங்கள் என்று கெஞ்சுகிறேன். "என்ன கிடைக்கப்போகுது, வேலைக்கு லீவு போட்டதுதான் மிச்சம்" என்று விட்டுவிட்டால், காகிதத்தில் நம் ஊர் அமைதியான ஊர். அமைதியான ஊருக்குக் கூடுதல் ரோந்து வராது. தோட்டக் காவலர்கள் நிறுவனத்தின் சொத்தைக் காப்பவர்கள். போலீசுக்குப் பதில் அவர்கள் ஆகமாட்டார்கள்.

ரோந்து, ஆள் பற்றாக்குறை போன்றவற்றை மாவட்டப் போலீஸ் தலைவருக்கு, அதாவது ஓசிபிடிக்கு எழுதுங்கள். மாவட்டப் பாதுகாப்புக் குழுவில் அவரும் மாவட்ட அதிகாரியும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். இருவருக்கும் ஒரே கடிதத்தின் நகல் போகட்டும்.

போலீசார் மீதே புகார் என்றால் வழி வேறு. போலீசின் உள் பிரிவான நேர்மை, தர இணக்கத் துறையிடம் கொடுக்கலாம். 2023 ஜூலை முதல் செயல்படும் சுதந்திரப் போலீஸ் நடத்தை ஆணையத்திடமும் கொடுக்கலாம். மனித உரிமை மீறல் என்றால் மனித உரிமை ஆணையமான சுஹாகாம். போலீஸ் நடத்தை ஆணையத்தின் எல்லையைத் தெரிந்துகொண்டு போங்கள். அது நேரடியாகத் தண்டனை தராது, கண்டறிந்ததைத் தண்டிக்கும் அமைப்புக்கு அனுப்பும். போலீசின் உள் நிலையாணைகளுக்கு உட்பட்ட சில செயல்கள் அதன் வரம்புக்குள் வராது. தடுப்புக் காவலில் மரணமோ கடும் காயமோ நேர்ந்தால் போலீசே ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நல்ல அம்சம்.

2009-இல் காவலில் இறந்த ஏ. குகனின் குடும்பம் முதல் பிரேதப் பரிசோதனையோடு நின்றிருந்தால் நுரையீரலில் நீர் என்பதே முடிவாகியிருக்கும். அவர்கள் போராடிப் பெற்ற இரண்டாவது பரிசோதனை, அடித்த காயங்களைக் காட்டியது. 2013-இல் உயர்நீதிமன்றம் அவர்களுக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தெரிவிக்கும் உரிமை அவனுக்கு உண்டு. தேசிய சட்ட உதவி அறக்கட்டளை இலவசமாக வழக்கறிஞர் தருகிறது. அந்த எண்ணைத் தேடி இன்றே குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

பஸ்

பட்டணத்தில் இருந்து மாவட்ட மருத்துவமனைக்குப் போகும் பஸ் எப்போது வரும் என்று கேட்டால் "வரும்போது வரும்" என்பதுதான் எங்கள் ஊர்ப் பதில். நான்கு பேர் மாறி மாறி இரண்டு வாரம் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதினோம்: அட்டவணை நேரம், வந்த நேரம், வராத நடை, விட்டுப்போன ஆட்கள், அவர்கள் எங்கே போக வேண்டியவர்கள். இரண்டு வாரத்தின் இந்தத் தாள் ஐந்நூறு கையெழுத்து மனுவைவிடக் கனமானது. எத்தனை நடை ஓட்ட வேண்டும் என்பது உரிமத்தோடு சேர்ந்த கடமை. அதை மீறினால் நிறுவனம் பதில் சொல்ல வேண்டியது ஆப்பாட்டிடம். இலவச பஸ் என்றால் அதை நடத்தும் மன்றத்திடமும் மாநில அரசிடமும் கேளுங்கள்.

ஓட்டுநரோடு சண்டை வேண்டாம். வண்டி பழுது, ஆள் இல்லை, இரட்டை ஷிப்ட் எல்லாம் அவருக்குத்தான் தெரியும். எங்களுக்கு மிக நல்ல தகவல் தந்தவர் ஓர் ஓட்டுநர் அண்ணன்தான்.

பெரிய பஸ் லயத்துக்குள் வராது. செம்பனைப் பாதையில் அது திரும்பவும் முடியாது. ஆகவே முடியாததைக் கேட்காமல், அழைத்தால் வரும் வேன் சேவையைக் கேளுங்கள். சிலாங்கூரில் சில இடங்களில் அது ஓடுகிறது. டயாலிசிஸ் போகிறவர்கள், கர்ப்பிணிகள், இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று வீடு வீடாக எண்ணிக்கை எடுத்து இணையுங்கள்.

புல்டோசர் வருவதற்கு ஐந்து ஆண்டு முன்பு

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். 'மேம்பாடு', 'புதுப்பிப்பு', 'புதிய டவுன்ஷிப்' என்று எந்தப் பெயரில் வந்தாலும், தோட்டப் பட்டணத்தில் அது லயத்து வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு நான்கையும் தொடும். நமக்குச் செய்தி வரும்போது காகித வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். பினாங்கு கம்போங் புவா பாலாவில் நடந்ததை மறக்க முடியாது. நிலம் கைமாறிய பிறகு மக்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2009-இல் கூட்டரசு நீதிமன்றத்திலும் தோற்றார்கள். அதே ஆண்டு வீடுகள் இடிக்கப்பட்டன. ஆகவே காகிதம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி நிலத் தேடல் செய்யுங்கள். லாட் எண், அதாவது நிலத்தின் மனை எண், வேண்டும். தோட்டத்தின் பழைய வரைபடத்திலோ அறிவிப்புப் பலகையிலோ கிடைக்கும். யார் பெயரில் பட்டா, அடமானம் உண்டா, நிபந்தனை 'விவசாயம்' என்று இருக்கிறதா என்று அதில் தெரியும். ஆண்டுக்கு ஒரு முறை செய்யுங்கள். பெயர் மாறினால் அது முதல் மணியோசை. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டாக்கிக் கைமாற்றத் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு தடை வைத்திருக்கிறது. தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். "ஒப்புதலுக்கு விண்ணப்பம் வந்திருக்கிறதா?" என்று சட்டமன்ற உறுப்பினர் வழியாகக் கேளுங்கள்.

அடுத்தது வட்டாரத் திட்டம், 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்'. எந்த நிலம் விவசாயம், எது தொழிற்பேட்டை, எது குடியிருப்பு என்று வண்ணம் தீட்டிய வரைபடம் அது. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டமான சட்டம் 172-இன்படி வரைவைப் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபத்துக்குக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். அந்த நான்கு வாரத்தில் ஊரே போய்ப் பாருங்கள். உங்கள் கோயில் வழிபாட்டுத் தலமாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா? தமிழ்ப்பள்ளி நிலம் கல்வி நிலமாக இருக்கிறதா? இடுகாடு வரைபடத்திலேயே இருக்கிறதா? எங்கள் கோயில் இருந்த இடம் வரைவில் 'வாணிபம்' என்று சிவப்பாக இருந்தது. அங்கே எண்பது ஆண்டாகக் கற்பூரம் எரிகிறது என்று அந்தச் சிவப்புக்குத் தெரியாது. பூசாரி முதல் பள்ளிப் பிள்ளையின் அம்மா வரை ஆட்சேபப் பாரத்தைத் தனித்தனியாக நிரப்பினோம். நேரில் விளக்கம் அளிக்க விரும்புகிறோம் என்ற கட்டத்தைக் குறித்தோம். விசாரணைக் குழு முன் பேசியவர் ஓர் ஓய்வு பெற்ற பால்மரத் (ரப்பர்) தொழிலாளி. கையில் பழைய திருவிழா நோட்டீஸ்களும் மின்கட்டண ரசீதுகளும் வைத்திருந்தார். நிறம் மாறியது. அதோடு நிறுத்தாமல், நிலச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின்படி ஒதுக்கீட்டு நிலமாக கெசட் செய்யக் கேட்டிருக்கிறோம். இன்னும் வரவில்லை. கடிதம் போய்க்கொண்டிருக்கிறது.

வீட்டு மனை பேச்சு வந்தால் ஒரு விஷயத்தில் தெளிவாக இருங்கள். 2025 ஆகஸ்டில் மக்களவையில் வைக்கப்பட்ட நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதாவில், 30 ஆண்டுக்கு உட்பட்ட கட்டடத்துக்கு 80 விழுக்காடு, அதற்கு மேற்பட்டதற்கு 75, கைவிடப்பட்டதற்கு 51 விழுக்காட்டு உரிமையாளர் சம்மதம் என்று வைத்திருந்தார்கள். நாடு முழுவதும் அந்த விழுக்காட்டைப் பற்றியே பேசியது. லயத்து வீட்டில் மூன்று தலைமுறையாக இருப்பவர் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. ஏனென்றால் அவர் உரிமையாளர் இல்லை. அதனால் நமக்கு ஒப்பந்தம் வேண்டும், பேச்சு போதாது. எத்தனை வீடு, எந்த லாட், இலவசமா விலைக்கா, எந்தத் தேதிக்குள், அதுவரை எங்கே தங்குவது, தாமதமானால் என்ன என்று எல்லாம் எழுத்தில். திட்ட அனுமதியின் நிபந்தனையாகவே மாற்று வீட்டைச் சேர்க்கச் சொல்லி மன்றத்துக்கு எழுதுங்கள். வாக்குறுதியை மறக்கலாம். அனுமதி நிபந்தனையை மீறினால் மன்றம் கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

வடக்குச் சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்ற ஐந்து தோட்டத்து மக்கள் வீட்டுக்காக இருபது ஆண்டுக்கும் மேல் போராடினார்கள். கோலாலம்பூரில் புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர்கள் 1980-களின் தொடக்கத்தில் 'தற்காலிக' நீள்வீடுகளுக்கு மாற்றப்பட்டார்கள். பல பத்தாண்டு கழித்து அவர்களுக்கான வீட்டையும் உயரமான அடுக்குமாடிகளையும் ஒரே திட்டமாகக் கட்டி, பக்கத்துப் பூங்காவான தாமான் ரிம்பா கியாராவில் எழுப்பப் பார்த்தார்கள். பக்கத்துக் குடியிருப்பாளர் வழக்குத் தொடுத்தனர். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்றது. மாநகர் மன்றத் தலைவர் கட்டமைப்புத் திட்டத்தை மீறிக் காரணம் சொல்லாமல் முடிவெடுக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நமக்கு இதில் இரண்டு பாடம் இருக்கின்றன. முடிவுக்குக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வீடு தேவைப்படுகிற ஏழையையும் பூங்கா வேண்டும் என்கிற அண்டை வீட்டாரையும் மோதவிட்டு நடுவே அடுக்குமாடி எழும்ப இடம் கொடுக்காதீர்கள். தாமான்காரரோடு முதல் வாரமே உட்கார்ந்து பேசுங்கள்.

இப்போது இருக்கும் லயத்து வீட்டின் ஒழுகும் கூரையும் கறுத்த தண்ணீரும் வேறு கணக்கு. தொழிலாளர் வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது சட்டம் 446, முதலாளியின் பொறுப்பைச் சொல்கிறது. அதற்கான கதவு தொழிலாளர் துறை.

பயமும் ஆட்களும்

லயத்தில் இருப்பவர் கையெழுத்துப் போடத் தயங்குவார். வீடு நிறுவனத்துடையது, மகனுக்கு அங்கேதான் வேலை. அந்தப் பயம் நியாயமானது. அவரைக் கோழை என்று சொல்பவர் வாடகை இல்லாத வீட்டில் வாழ்ந்திருக்கமாட்டார். வெளியே தாமானில் குடியேறிய பிள்ளைகள் பெயர் கொடுக்கட்டும். ஏழு பேர் சேர்ந்தால் குடியிருப்பாளர் சங்கம் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். கடிதம் சங்கத்தின் தலைப்புத் தாளில் போனால் தனி ஆள் மேல் கை வைப்பது கடினம். அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர் அமைப்பான ருக்குன் தெத்தாங்கா இருந்தால் அதன் வழியும் பயன்படும். கோயில் நிர்வாகம், பள்ளிப் பெற்றோர் சங்கம் இரண்டையும் சேருங்கள். ஆனால் எந்தக் கட்சிக்கும் ஃபைலைக் கொடுத்துவிடாதீர்கள். நகல் கொடுங்கள், மூலம் நம்மிடம் இருக்கட்டும்.

லஞ்சம் என்று சந்தேகம் வந்தால் வாட்சாப்பில் பெயர் போட்டு எழுதாதீர்கள். அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். ஆதாரத்தோடு ஊழல் தடுப்பு ஆணையத்துக்குப் போங்கள்.

வேலை முடிந்தால் நன்றிக் கடிதம் எழுதுங்கள், அதிலும் நகல், அதிலும் சாப்பு. மூன்று மாதம் கழித்து அதே இடத்தைப் போய்ப் பாருங்கள். எங்கள் முச்சந்தி விளக்கு போன மாதம் மறுபடி மினுமினுக்கத் தொடங்கியது. கம்ப எண் ஃபைலில் இருந்ததால் அக்காவின் மகளே ஒரு மாலையில் கடிதத்தை எழுதிவிட்டாள். அவளுக்குப் பதினேழு வயது. அடுத்த முழுக்கூட்டத்துக்கு அவளையும் அழைத்துப் போகிறேன்.